முறுக்கிய வலையும் விண்மீன் தாரையும்

கடலோரத் தாராபுரத்துப் பள்ளிக்கூடத்தில் றஞ்சினி ரீச்சரின் பாடம் அன்று பாதியிலேயே நின்றுபோனது. புதிதாகப் பிறக்கும் விண்மீன் ஒன்றின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தாள். விண்மீனைச் சுற்றி வாயுத் தட்டு ஒன்று சுழல்கிறது. அதன் நடுவிலிருந்து மேலும் கீழுமாக இரண்டு வாயுத் தாரைகள் ஈட்டி போலப் பாய்கின்றன.

"காந்தப்புலம்தான் இதை இப்பிடி ஒடுக்கி வைச்சிருக்கு" என்றாள்.

போரில் இடம்பெயர்ந்து, புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு மீளக்குடியேறிய மாணவி சபூரா எழுந்தாள். "புகை வெளியில வந்தாப் பரவித்தானே போகும், ரீச்சர்? கண்ணுக்குத் தெரியாத ஒண்டு எப்பிடி அதைக் கட்டிப் பிடிக்கும்?"

மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கிருந்தே பட்டம் படித்துவிட்டு ஊர் திரும்பியவள் றஞ்சினி. சமன்பாடு தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டும் வழிதான் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றன்" என்று சமாளித்தாள்.

பின்னேரம் வீட்டு முற்றத்தில் கணவன் லோறன்ஸ் வலை பிழிந்துகொண்டிருந்தான். நீண்ட பை போன்ற வலை அது. வளையம் வைத்த வாயை மேலே பார்க்கக் கிளையில் கட்டி, அடியைப் பிடித்து முறுக்கினான். வலை சுருங்கி ஒரு கம்பம்போல் ஒடுங்கியது. உள்ளே கிடந்த மிதவை ஒன்று வழுக்கி மேலேறி, வாயால் துள்ளி வெளியே விழுந்தது.

றஞ்சினி கத்தியேவிட்டாள். "இதுதான்! இதேதான்!"

"என்னப்பா, பேய் பிடிச்சிட்டுதா?"

"நாளைக்கு இந்த வலையைத் தாங்கோ!"

"நாளைக்குக் கடல்தொழிலுக்குப் போக வேணுமே."

"மத்தியானத்துக்குள்ள தந்திடுறன்."

மறுநாள் பள்ளிக்கூட வேப்பமரத்தில் வலை தொங்கியது. உள்ளே மிதவைகளைப் போட்டாள். "இந்த நூலெல்லாம் காந்தப்புலக் கோடுகள் எண்டு நினையுங்கோ. அதின்ர அடி சுழலுற தட்டில மாட்டியிருக்கு. சபூரா, நீர்தான் தட்டு. சுத்தும்!"

சபூரா முறுக்கினாள். நூல்கள் ஒன்றையொன்று பின்னி இறுகின. முதல் மிதவை எம்பியது. அடுத்தது அவள் முக்காட்டில் விழுந்தது. பிள்ளைகள் மரத்தடி வாங்குப் பலகைகளில் ஏறிக் கூச்சலிட்டார்கள்.

"பரவ இடமில்ல, மேலதான் போகலாம்!" சபூரா மூச்சுவாங்கினாள். "ரீச்சர், அப்ப கோடு அறுந்தா?"

"அறும். அறுந்து வேற கோட்டோட ஒட்டும். அப்ப பெரிய வெடிப்பொண்டு நடக்கும்!" இப்படியொரு கேள்வி இந்த வகுப்பில் வருமென்று றஞ்சினி எண்ணியிருக்கவில்லை.

வலை எடுக்க லோறன்ஸ் வந்தபோது பிள்ளைகள் விடவில்லை. "இன்னொருக்கா, ஐயா!"

அவன் மனைவியைப் பார்த்தான். சாரத்தை மடித்துக் கட்டி, வலையின் அடியைப் பிடித்தான். "தள்ளி நில்லுங்கோ. இது பெரிய விண்மீன்."

மிதவை வகுப்பறைக் கூரையைத் தாண்டிப் பறந்தது.