எட்டாவது படம்

காலை பத்து மணிக்கெல்லாம் பாட்டு இசைத்தட்டில் ஏறிவிட்டது. வாத்தியக்காரர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நியூயார்க்கில் அந்தப் படப்பிடிப்புக் கூடத்தின் வழக்கமே அதுதான். முதலில் குரல், பிறகு தட்டை ஓடவிட்டு அதற்கு வாயசைத்துப் படம். மூன்றே நிமிடப் படம். மதுக்கடைகளில் அலமாரி உயரத்துக்கு நிற்கும், திரை வைத்த பெட்டியில் காசு போட்டால் ஓடும். 1941இல் ஊர் முழுக்க அந்தப் பெட்டிகளின் ராஜ்ஜியம்தான்.

பாடியவள் வெர்டெல் பிகெட், அதே நகரின் ஹார்லெம் பேட்டையைச் சேர்ந்த கறுப்பினப் பெண். அவள் குரல் பல ஊர் ரேடியோவில் கேட்டிருக்கிறது. முகம்தான் ஹார்லெமைத் தாண்டியதில்லை. இன்றைக்குத் தாண்டும் என்று நீலப் பட்டு உடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பாடி முடித்து ஒப்பனை அறைக்குப் போனால், அங்கே நெட்டி என்ற வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்து உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"நீ கிளம்பலாம்மா," என்றார் இயக்குநர் க்ராண்டல். "குரல் உன்னோடது, முகம் அவளோடது. எல்லா ஊர்லயும் விக்கணும் பாரு. தப்பா எடுத்துக்காதே."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்! வெர்டெலுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. ஆனாலும் கிளம்பவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தட்டு சுழன்றது. நெட்டி வாயைத் திறந்தபோது பாட்டு வரவில்லை, மூடியபோது வந்தது. வெர்டெல் தாளத்தைக் கொஞ்சம் முன்னால் போகவிட்டுப் பின்னாலேயே சாவகாசமாக வருகிறவள். நடுவில் மூச்சைப் பிடித்து நிறுத்துவாள், தோன்றிய இடத்தில் சிரிப்பாள். பதினோரு தடவை எடுத்தார்கள். பதினோரு தடவையும் சுடச்சுட உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டவள் மாதிரி நின்றாள் நெட்டி, பாவம்.

கூடம் மூன்று மணிவரைதான் அவர்கள் வசம். க்ராண்டல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வெர்டெல், கேமராவுக்குக் கீழ உக்காந்து விரலைக் காட்டும்மா. எப்ப வாயைத் திறக்கணும், எப்ப மூடணும்னு. அஞ்சு நிமிஷ வேலை."

"மாட்டேன்."

"என்னது?"

"குரலைக் கேட்டீங்க, குடுத்தேன். விரலைப் பத்திப் பேச்சே இல்லையே சார்."

"இனிமே இந்த ஊர்ல உனக்கு ஒரு பாட்டுகூடக் கிடைக்காது, தெரியும்ல?"

"தெரியும்."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விரல் தப்பித்தவறிக்கூட வெளியே தெரியக் கூடாது.

கடைசியில் நெட்டிதான் பொறுக்க முடியாமல் கத்தினாள். "சார், அந்த அக்கா பாட்டு அந்த அக்கா வாய்க்குத்தான் வரும். எனக்குத் தாடையே சுளுக்கிக்கிச்சு!" காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

மணி இரண்டரை. க்ராண்டல் வேறு வழியில்லாமல், வேலைக்காரிகள் கட்டுகிற ஏப்ரன் ஒன்றை நீட்டினார். "சரி, நீயே நில்லு. இதைக் கட்டிக்கோ. துணி துவைச்சுக்கிட்டே பாடுற மாதிரி எடுத்துரலாம்."

"எங்க வீட்டுத் துணியை நேத்தே துவைச்சுட்டேன் சார். உங்க துணின்னா நீங்களே துவைங்க."

விளக்குக்காரர் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். ஏப்ரன் தரையில் கிடந்தது, யாரும் எடுக்கவில்லை.

வெர்டெல் நீலப் பட்டோடு போய் விளக்கடியில் நின்றாள். பல்லைக் காட்டச் சொன்னார்கள், காட்டவில்லை. கேமராவை நேருக்கு நேர் பார்த்துத் தன் குரலுக்குத் தானே வாயசைத்தாள். ஒரே தடவை. இம்மியும் பிசகவில்லை.

தோற்ற ஆத்திரம் க்ராண்டலுக்கு. "ரொம்பச் சந்தோஷப்படாதே. ஒரு பிலிம் சுருள்ல எட்டுப் படம். காசுக்கு ஒண்ணா வரிசையாத்தான் ஓடும், யாரும் பொறுக்கியெடுக்க முடியாது. உங்க ஆளுங்களை வழக்கமா வைக்கிற இடத்துலதான் உன்னையும் வைப்பேன். எட்டாவது. ஏழு காசு விழாம எவனும் உன் மூஞ்சியைப் பார்க்க முடியாது."

வெர்டெல் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தாராளமா வைங்க சார். அந்த ஏழு பேரையும் பார்த்து முடிச்சிட்டு, இன்னொரு காசைக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தன் நிப்பான் பாருங்க. அவன் எனக்காகத்தான் நிப்பான்."