கடவாய்ப் பல்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சமையல் செய்துவந்த றுஸ்திக்கு ஓமானில் வேலை கிடைத்தது. ஐந்தே நாளில் விமானம். மனைவி சப்னா செய்ய வேண்டியவற்றைக் கொப்பியில் எழுதி, முடிந்தவற்றை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தாள். சான்றிதழ்களைப் பிரதியெடுத்தாயிற்று, பெட்டி வாங்கியாயிற்று. அவனுடைய கடவாய்ப் பல் மட்டும் மிச்சம் இருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே இரண்டு வருடமாக அது கூசியது.

“அத அங்க போய்ப் பார்ப்பம்,” என்றான் றுஸ்தி.

“புது வேலையில ரெண்டாம் நாளே லீவு கேப்பீங்களா? எழும்புங்க, நானும் வாறன்.”

காத்தான்குடிப் பல் டொக்டரின் கதிரையில் சாய்ந்தபோது அவன் அதன் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் பல் பிடுங்கியபோது பட்ட வலியை அவன் மறக்கவில்லை.

டொக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். “இதப் பிடுங்கத் தேவையில்ல தம்பி. சின்ன ஓட்டைதான். அடைச்சாக் காணும்.”

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வெளியே காத்திருந்த சப்னா பதற்றத்தோடு எழுந்தாள்.

“கழட்டிட்டாரா?”

“இல்ல, அடைச்சிட்டார். நோகவே இல்ல.” அவனுக்குச் சிரிப்பு வந்தது. “இதுக்குப் பயந்துதான் இவ்வளவு நாளும் இருந்திருக்கன்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று அவளும் சிரித்தாள்.

வேலை கிடைத்த நாளிலிருந்து பயணத்தைப் பற்றித் தானாகப் பேச்செடுக்காதவன், வீடு திரும்பும் வழியெல்லாம் ஓமானில் தான் சமைக்கப்போகும் மீன்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.