தொடையை மூடிய துணி

மூளைக்கு அடியில், மண்டையோட்டின் அடித்தளத்தில் வளர்ந்த கட்டி வீரசிங்கத்தின் பார்வையை மங்கச் செய்திருந்தது. மூக்கு வழியாகக் கமராக் குழாயை விட்டு அதை எடுக்க வேண்டும். நமுனுகுல தோட்டத்துக் கங்காணிக் குடும்பத்தவர் அவர். சாகத் துணிந்துதான் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். தொடையைக் காட்டத்தான் துணிவில்லை.

"மூக்குல செய்யிற வேலைக்குத் தொடை எதுக்கும்மா? எங்க வம்சத்துல எவனும் பொம்பளை முன்னால வேட்டியை ஒதுக்குனதில்ல."

"கட்டி பெரிய ரத்தக்குழாயோட ஒட்டியிருக்குங்க ஐயா. அது கிழிஞ்சா தொடைச் சதையை எடுத்துத்தான் அடைக்கணும்," என்றாள் டொக்டர் சுதர்ஷினி. "அப்புறம் தொடையை மருந்து போட்டுக் கழுவ நேரம் இருக்காது. தொடை தயாரா இல்லாம நான் கை வைக்க மாட்டேன்."

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

"போங்க. கண்ணு போனப்புறம் கையைப் புடிச்சுக் கூட்டிப்போக ஆள் தேடுங்க. அது மட்டும் கௌரவமா?"

அவர் முறைத்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவளும் அப்புத்தளையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். மானம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"நம்ம ஆண் தாதி றினாஸ் கழுவித் துணி போட்டு மூடட்டும். வெட்ட வேண்டி வந்தா என்கூட நிக்கிற டொக்டர் நிமலன் வெட்டுவார். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். சத்தியம்."

"உன் சத்தியம் அப்புத்தளைப் பனி மாதிரி கலைஞ்சிடாதே?"

"கலையாதுங்க."

கட்டியின் கடைசித் துண்டை உரித்தபோது கமராத் திரை முழுவதும் சிவந்தது. ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது.  சுதர்ஷினி இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே பஞ்சுத்துணியை உள்ளே வைத்து அழுத்தினாள்.

"ரத்தம் ஏத்துங்க, பிரஷரை விட்டுடாதீங்க! நிமலன், சதை!"

முதுகுக்குப் பின்னாலிருந்து நிமலன் கத்தினார். "இது போதுமா? திரும்பிப் பாருங்க!"

"திரும்பினா பிடி விட்டுரும். கோலிக்குண்டு அளவு வெட்டுங்க. றினாஸ், அதை நசுக்கிக் குடு."

நசுக்கிய தசை அவள் கைக்கு வந்தது. கிழிசலின் மேல் அதை வைத்து, விரல் மரத்துப்போகும் வரை அழுத்திப் பிடித்தாள். திரையில் இருந்த சிவப்பு மெல்ல வடிந்தது. பஞ்சை விலக்கியபோது தசை ஒட்டிக்கொண்டிருந்தது.

கண் விழித்துத் தெளிந்த வீரசிங்கம் முதலில் தொடையில் போட்டிருந்த கட்டைத் தடவினார். "பார்த்தியா?"

"திரையை விட்டுக் கண்ணை எடுத்திருந்தா, நீங்க இப்பிடிக் கேக்க இருந்திருக்க மாட்டீங்க ஐயா."

அவர் முகம் தளர்ந்தது.

"ஆனா அடைப்பு நிக்குதான்னு மறுபடி படம் புடிக்கணும். தொடை இடுக்கு வழியாத்தான் குழாய் விடுவாங்க. படம் புடிக்கிற டொக்டரும் பொம்பளைதான்."

வீரசிங்கம் தொடையை மூடிய துணியை இறுக்கிப் பிடித்தார். பிறகு அதை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"றினாஸைக் கூப்பிடு. கழுவட்டும்."