அஞ்சு மணிக்காரர்

ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்த தாட்சாயிணியின் புருஷன் கஜபதி, 1984 ஆடி மாதத்திலிருந்து வேலைநாள்தோறும் இரண்டு தடவை வீடு திரும்பினான். முதல் தடவை, ஐந்து மணிச் சங்கு ஊதியதும் சைக்கிள் கூட்டத்தோடு கூட்டமாக வருவான். நகக்கண்ணில் மெஷின் கறுப்பு, சட்டையில் ஆயில் வாடை. வாசல் குழாயில் கை கழுவி, காபியைக் குடித்துவிட்டு, கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்காருவான். ஏழு மணிக்கு வெளியே ஒரு சைக்கிள் மணி கேட்கும். அவன் எழுந்து பின்கதவு வழியாகப் போய்விடுவான். முன்கதவு வழியாக இன்னொரு கஜபதி காலி டிபன் கேரியரோடு நுழைந்து, "ஓ.டி. போட்டு உசுர வாங்கறானுங்கோ தாட்சா" என்பான். உசுரைக் கொடுத்த ஆளின் கை பளிச்சென்று இருக்கும். கழுத்தில் பவுடர் மணக்கும்.

இரண்டு பேருக்கும் ஒரே முகம், இடது புருவத்தில் ஒரே தழும்பு. காய்ச்சல் மயக்கமோ என்று தாட்சாயிணி முதலில் மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தாள். மறுநாளும் இரண்டு பேர்தான் வந்தார்கள். பிறகு அவள் பார்க்க ஆரம்பித்தாள். ஐந்து மணிக்கு வந்தவன் கொட்டுகிற மழையில் வந்தாலும் நனையவில்லை. தினமும் தலை சாய்த்தும் சுவரில் எண்ணெய்க் கறை படியவில்லை. காபி டம்ளரை வாங்கும்போது விரல் பட்டால், காலையில் எடுத்த பித்தளைச் செம்பு மாதிரி சில்லென்று இருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பேசினால் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் கூடத்தில் உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

விஷயம் வேம்புலியிடமிருந்து வந்தது. வேம்புலியும் கஜபதியும் பிறந்து வளர்ந்தது பட்டாபிராமில் ஒரே தெரு, ஃபேக்டரியில் ஒரே செக்‌ஷன். அங்கே ஆளுக்கொரு பித்தளை டோக்கன் உண்டு. காலையில் கேட் பலகை ஆணியில் அதை மாட்டினால் ஆள் உள்ளே, சாயங்காலம் கழற்றினால் ஆள் வெளியே. முகத்தை யாரும் பார்ப்பதில்லை. தாட்சாயிணி ஒருநாள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் தானாகவே அழுதுவிட்டான். "ஒரே ஒரு நாள் அண்ணி. என் டோக்கனையும் மாட்டிடு மாமேன்னாரு, மாட்டிட்டேன். உள்ள போனா, அண்ணன் லேத்தாண்ட நின்னுகினு கீறாரு. சாயங்காலம் கழட்டப் போனா ஆணில டோக்கன் இல்ல. மறுநாள் நான் வர்றதுக்கு முன்னாடியே தொங்குது." டோக்கன் உள்ளே போயிருக்கிறது, சாயங்காலம் ஒரு ஆள் வெளியே வந்துதானே ஆகவேண்டும்? ஃபேக்டரி கணக்குக்கு அது சரி. வேலை தானாக நடக்கிறது, சம்பளமும் வருகிறது என்றால் எவன் மெனக்கெட்டு உள்ளே போவான்? கஜபதி அதற்குப்பிறகு கேட் பக்கமே போகவில்லை. அந்தப் புண்ணியமெல்லாம் வேம்புலியுடையது என்று நினைத்துக்கொண்டான்.

அவன் போன இடத்தையும் வேம்புலியே சொன்னான். பருத்திப்பட்டு ஏரிக்கரை. பஞ்சவர்ணம் என்று ஒருத்தி, ஜாக்கெட் தைப்பவள், சொந்தபந்தம் இல்லாதவள். தாட்சாயிணி ஒருதரம் துணி கொடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டின் கை அளவு கச்சிதமாக இருந்தது. அதுதான் தாட்சாயிணிக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி லீவு, ஐந்து மணிக்கு யாரும் வருவதில்லை. பவுடர்காரன் மட்டும் நாள்பூரா கட்டிலில் குறட்டை விட்டான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குத் தன் கை தானாகக் காபிக்குப் பால் வைப்பதைக் கண்டதும், அடுப்பெதிரே குந்தி வாய்விட்டு அழுதாள். கட்டினவனுக்காக அழவில்லை.

எண்பத்தாறு கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏழு மணிக்குச் சைக்கிள் மணி கேட்டது. கூடத்தில் இருந்தவன் எழுந்து பின்கதவுவரை போய், பூட்டைப் பார்த்தபடி நின்றான். முன்கதவு வழியாக வந்தவன் அந்த முதுகைப் பார்த்தான். தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? ஆனாலும் அவனுக்குத் தெரிந்துபோயிற்று. டிபன் கேரியரைக் கீழே வைத்தான்.

"குந்து மாமா," என்றாள் தாட்சாயிணி. "ரெண்டு பேருக்கும் சோறு வடிச்சுக்கீறேன்."

"யாரு தாட்சா இது?"

"நானும் அதத்தான் கேக்கறேன். ரெண்டு வருசமா கேக்காம இருந்தேன்."

இரண்டு தட்டு வைத்து, இரண்டிலும் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். ஒருவன் சாப்பிட்டான், ஒருவன் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "உன் டோக்கன எடுத்து வை மாமா," என்றாள். கஜபதி சட்டைப்பையைத் தடவினான், கால்சட்டைப்பையைத் தடவினான். "அது வேம்புலியாண்ட கீது" என்றான். மற்றவன் எச்சில் படாத இடதுகையால் பையிலிருந்து பித்தளை டோக்கனை எடுத்துத் தட்டருகே வைத்தான். பதினெட்டு வயதில் கஜபதிக்குக் கொடுத்த அதே நம்பர்.

"அங்க இன்னா கொழம்புன்னு நான் கேக்கல. ஊரக் கூட்டப்போறதும் இல்ல. யார் கையில டோக்கன் கீதோ அவரு இந்த ஊட்ல இருக்கட்டும். நீ உன் ஓ.டி.ய பாரு."

கஜபதி கை கழுவாமல் எழுந்து போனான். மறுநாள் காலை, வெகுகாலம் கழித்துக் கேட்டில் போய் நின்றான். வாட்ச்மேன் பலகையைப் பார்த்துவிட்டு, "நீ அப்பவே உள்ள பூட்டியேப்பா, வழிய வுடு" என்றான். அவன் அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போனான். ஆனால் பழக்கம் விடவில்லை. தினமும் ஏழு மணிக்கு குவார்ட்டர்ஸ் தெருவில் வந்து நின்று, மணியை ஒருதரம் அடித்துவிட்டுத் திரும்பிப் போனான். தெருக்காரர்கள் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. உள்ளே இருப்பவர் அஞ்சு மணிக்காரர், வெளியே நிற்பவர் ஏழு மணிக்காரர் என்று பேர் வைத்தார்கள். ரேஷன் கார்டில் ஒரு பேர்தான் இருந்தது.

தொண்ணூற்று நான்கில் அஞ்சு மணிக்காரருக்கு ரிட்டையர்மென்ட் வந்தது. அன்றைக்கு டோக்கனைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் யார் வெளியே வருவார்கள்? தாட்சாயிணி இதை நினைத்துத் தூங்கவில்லை. கடைசி நாள் காலையில் அவரிடமிருந்து டோக்கனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அவரோடு தானும் கேட்டுக்குப் போய், டோக்கன் தொலைந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொல்லி அழுதாள். ஃபேக்டரியில் திட்டி அபராதம் பிடித்துக்கொண்டார்கள். மாலை போட்டு வேனில் கூட்டிவந்து விட்டார்கள். பட்டாபிராமில் கட்டிய புதுவீட்டில், சமையலறை நிலையில் ஒரு ஆணி அடித்து டோக்கனை மாட்டினாள். மாட்டியிருக்கும்வரை ஆள் உள்ளே. ஏழு மணிக்காரரும் புது விலாசத்தைக் கண்டுபிடித்து வந்தார். அவருக்கு மட்டும் தலை நரைத்துக்கொண்டு வந்தது.

தொண்ணூற்று ஏழு மாசியில் ஒருநாள் ஏழு மணிக்கு மணி அடிக்கவில்லை. தாட்சாயிணி வாசலுக்கு வந்து பார்த்தாள். பஞ்சவர்ணம் நின்றிருந்தாள். "அக்கா, அவரு பூட்டாரு."

தாட்சாயிணி டோக்கனைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள். அஞ்சு மணிக்காரர் பின்னாலேயே வந்தார். கொள்ளி போடப் பிள்ளை இல்லை, யார் போடுவது என்று பங்காளிகள் இழுத்துக்கொண்டிருக்கையில் அவரே சட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். பாடையில் இருந்த முகத்தையும் முன்னால் போன முகத்தையும் எல்லோரும் பார்த்தார்கள், வெயில் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். பத்தாம் நாள் தாட்சாயிணியின் தாலியைக் கழற்றப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். "என் ஊட்டுக்காரரு தோ, குளிச்சிட்டு வந்து நிக்கிறாரு," என்றாள் அவள். குளித்த வேட்டி காய்ந்துதான் இருந்தது. பெண்கள் விலகிக்கொண்டார்கள்.

அறுத்தவளுக்குப் பிறந்தவீட்டார் கோடிச் சேலை போடவேண்டும். பஞ்சவர்ணத்துக்குப் பிறந்தவீடு ஏது? மூலையில் வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருந்தாள். தாட்சாயிணி பையிலிருந்து ஒரு கோடிச் சேலையை எடுத்துப் பிரித்து அவள் தோளில் போட்டாள். பஞ்சவர்ணம் அப்போதுதான் அழுதாள். அவள் அழுது முடிக்கிறவரை தாட்சாயிணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து டோக்கனை ஆணியில் மாட்டினாள். மணி ஐந்து. காபிக்குப் பால் வைத்தாள்.