தொளாயிரம் துளைகள்

மெர்போக்குக்கு உள்ளே, ஜெராய் மலை கண்ணுக்கெதிரே நிற்கும் அந்த ரப்பர்த் தோட்டத்தில், துரை பங்களாவின் பியானோவைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. துரையின் செத்துப்போன மனைவி வந்து வாசிக்கிறாள் என்பது மேட்டு லயத்து, அதாவது மேட்டுத் தொழிலாளர் குடியிருப்பின், கட்சி. உள்ளே கடிகாரம் மாதிரி சாவி கொடுத்த சுருள்வில் இருக்கிறது என்பது பள்ளத்து லயத்தின் கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் வேலியோரம் நின்று பார்த்தது என்னவோ ஒன்றுதான். துரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கால்களால் மட்டும் இரண்டு மிதிகளை மாறி மாறி மிதிப்பார். வெள்ளைக் கட்டைகள் தாமே இறங்கித் தாமே ஏறும். பாட்டு வரும்.

குழந்தைவேலு எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ரப்பர் ஷீட் அழுத்தும் உருளைகளையும் அவற்றை ஓட்டும் எஞ்சினையும் பார்த்துக்கொள்ளும் பிட்டர் அவன். மாரியம்மன் கோயில் பஜனைக் குழுவின் ஆர்மோனியத்துக்கு மூச்சு வாங்கினாலும் அவனிடம்தான் வரும். பிரித்துப் பார்க்காத ஒன்றைப் பற்றிப் பேச அவனுக்கு வராது. எட்டு வருஷமாக அந்தப் பியானோவின் முன்பலகையைக் கழற்றிப் பார்க்க ஆசைப்பட்டான். ஆசை நிறைவேறியது. ஆனால் அவன் கேட்டுக்கொண்ட விதமாக இல்லை.

ஜப்பான்காரர்கள் வடக்கேயிருந்து இறங்கிய மழைக்காலத்தில், ஒரு சாயங்காலம் டெலிபோன் மணி அடித்தது. துரை பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனவர்தான். மூன்றாம் நாள் எங்கிருந்தோ வந்த கூட்டம் பங்களாவைச் சூறையாடியது. நாற்பது காகிதப் பாட்டுச் சுருள்கள் இருந்த பெட்டியும் போயிற்று. கொஞ்ச நாளைக்குச் சுங்கை பட்டாணிக் கடைகளில் பொட்டலம் கட்டிக் கொடுத்த தாளெல்லாம் பொத்தல் பொத்தலாக இருந்தது. உப்பு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதியை வழியில் சிந்திவிட்டு, திரும்பி வந்து சண்டை போட்டார்கள். பியானோ கனத்தினால் தப்பியது. அதற்குள் மாட்டியிருந்த ஒரே ஒரு சுருளும் அதோடு தப்பியது.

ஒன்றரை வருஷம் கழித்துத் தோட்டத்துக்குப் பொறுப்பாக ஹிராயாமா என்ற ஜப்பானியர் வந்தார். ஐம்பது வயது, கண்ணாடி, மெதுவான குரல். அவர் சத்தம் போடாததினாலேயே ஜனங்கள் அதிகம் பயந்தார்கள். வந்த மூன்றாம் நாள் அவர் பியானோவை மிதித்துப் பார்த்தார். எண்ணி ஏழெட்டுச் சத்தம் இருமல் மாதிரி வந்து நின்றுபோயிற்று. யாரோ வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்தார்.

திங்கட்கிழமை காலையில், தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி நடராஜா எஞ்சின் அறை வாசலில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பவர். போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு இந்தத் தோட்டத்திலிருந்து பத்தொன்பது ஆள் கேட்டு உத்தரவு வந்திருந்ததும், அந்தப் பட்டியலை அவர்தான் தட்டச்சில் அடித்தார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதனால் அவர் நிழல் விழுந்தாலே லயத்தில் கதவைச் சாத்துவார்கள்.

"சனிக்கிழமை பட்டணத்தில இருந்து ஆக்கள் வருகினம். அதுக்குள்ள அந்தப் பியானோ வாசிக்க வேணும்" என்றார். "இல்லாட்டிக் கெடுத்தவன் ஆரெண்டு நீர் காட்ட வேணும். ரெண்டும் இல்லையெண்டா இருபதாவதா உம்மட பேர்."

"எழுதிட்டீங்களா ஐயா?"

"அடிக்கச் சொன்னார். அடிச்சுப்போட்டன்."

கெடுத்தவர் பெண்ணாக இருந்தால் என்ன செய்வார்கள் என்று குழந்தைவேலு எதற்காகவோ கேட்டான். அந்த வீட்டு ஆண்பிள்ளை போவான் என்று சொல்லிவிட்டுக் கிராணி நடந்துவிட்டார்.

அன்று மத்தியானமே முன்பலகையைக் கழற்றினான். கழற்றியதும் பட்டியல், சயாம் எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு அவனுக்கு மறந்தே போயிற்று. மேலே ஒரு காகிதச் சுருள், கீழே அதன் மறுபாதி சுற்றிக்கொண்டிருந்த இன்னோர் உருளை. காகிதம் மேலிருந்து கீழே இறங்கும் வழியில் அகலமான பித்தளைப் பட்டை ஒன்று. பட்டையில், சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக, ஒரே வரிசையில் எண்பத்தெட்டுச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு ரப்பர்க் குழாய். ஒவ்வொரு குழாயின் முடிவிலும் விரல் நீளத்தில் ஒரு துருத்தி. துருத்தி சுருங்கினால் அதற்குரிய சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டும். எல்லாவற்றுக்கும் அடியில், மிதிகளோடு சேர்ந்த பெரிய துருத்தி. பேயும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. இரண்டு கட்சியும் தோற்றது.

பங்களாவில் சமையலும் துடைப்பும் பார்க்கும் மருதம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். துரை காலத்திலிருந்து அங்கேயே வேலை செய்பவள். புருஷன் சின்னையா பால்வெட்டுக்காரர், இளைப்பு நோய்க்காரர்.

"என்னா தம்பி, குடலெல்லாம் உருவிப் போட்டுட்ட. திரும்ப உள்ள போவுமா?"

"போவும்க்கா. எது எங்க போவும்னுதான் தெரியல லா."

குழாய்களில் இருபத்திரண்டு காய்ந்து வெடித்திருந்தன. உலகத்துக்கே ரப்பர் அனுப்பிய தோட்டத்தில் ஒரு சாண் ரப்பர்க் குழாய் கிடைக்கவில்லை. அவன் சைக்கிள் சக்கரக் கம்பிகளை ஒடித்து எடுத்து, வெட்டு மரத்திலிருந்து வந்த பாலில் முக்கிக் காயவைத்தான். மறுபடி முக்கினான். ஆறு தடவை முக்கியபின் புகைக்கூடத்தில் ஒரு நாள் தொங்கவிட்டு, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மரவள்ளி மாவில் புரட்டி, பாம்புச் சட்டையை உரிப்பதுபோல உருவினான். வளைந்துகொடுக்கும் நல்ல குழாய்கள். பெருமையாக மாட்டினான். பியானோ இன்னும் இருமிக்கொண்டுதான் இருந்தது.

புதன்கிழமை முழுவதும் அவன் காற்று எங்கே வெளியேறுகிறது என்று தேடினான். ஆர்மோனியத்தில் துருத்தி காற்றை வெளியே தள்ளும். இதுவும் அப்படித்தான் என்று பெரிய துருத்தியின் கிழிசல்களுக்கு உள்பக்கமாகத் தோல் ஒட்டிவைத்திருந்தான். ஒட்டியதெல்லாம் மிதிக்க மிதிக்கப் பிய்ந்து வந்தது. சாயங்காலம் களைத்துப் போய், கொஞ்சம் புகை கிடைத்தால் காற்றின் வழியைப் பார்க்கலாம் என்றான். மருதம்மாள் எழுந்து போய், முருகன் படத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்த பாதி ஊதுபத்தியைக் கொண்டுவந்தாள். வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம்.

"சாமிக்கு வெச்சதாச்சே அக்கா."

"சாமி ஒண்ணும் சொல்லாது. நீ பாரு."

பத்து வருஷமாகத் தூசி துடைத்த மிதிகளை அன்றுதான் அவள் முதல் தடவையாகக் காலால் தொட்டாள். தொடும்முன் குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் மிதிக்க, அவன் காகிதம் மூடாத ஒரு பித்தளைத் துளைக்கு அருகே ஊதுபத்தியைப் பிடித்தான். புகை வெளியே வரவில்லை. மெல்லிய நூலாகி வளைந்து துளைக்குள்ளே போயிற்று. உடனே ஒரு கட்டை இறங்கி, உயரமான சுரம் ஒன்று ஒலித்தது.

குழந்தைவேலு வாய்விட்டுச் சிரித்தான். இது ஊதும் கருவி இல்லை, உறிஞ்சும் கருவி. மிதி உள்ளேயிருக்கும் காற்றையெல்லாம் இழுத்து வெளியேற்றுகிறது. காகிதம் துளையை மூடியிருக்கும்வரை ஒன்றும் நடக்காது. காகிதத்தில் ஓட்டை வரும் இடத்தில் பட்டைத் துளை திறந்து, ஒரு மடக்குக் காற்று உள்ளே ஓடி, குழாயின் முடிவில் ஒரு தோல்மூடியைத் தூக்குகிறது. அந்தத் துருத்தி சுருங்குகிறது, சுத்தியல் எழுகிறது. பாட்டு எழுதியிருப்பது மையில் இல்லை, இல்லாத இடத்தில். தோலை வெளிப்பக்கத்திலிருந்து ஒட்டினான். வியாழன் மத்தியானம் சுருளைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு மிதித்தபோது, துரை காலத்துப் பாட்டு கூடத்தை நிறைத்துக்கொண்டு எழுந்தது. மருதம்மாள் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

பாதிவரை வந்தது. பிறகு ஒவ்வொரு சுரமாக உதிர்ந்து, கடைசியில் காகிதம் ஓடும் சரசரப்பு மட்டும் மிஞ்சியது.

மூன்று தடவை மிதித்தான். மூன்று தடவையும் அதே இடம். அப்படியானால் கோளாறு எந்திரத்தில் இல்லை. சுருளை அவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். முதல் பாதி முழுவதும் வெளிச்சப் பொட்டுகள். இரண்டாம் பாதியில் பொட்டுகள் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கொஞ்சம் கருத்த நிழல்கள். ஒவ்வொரு ஓட்டைமேலும் நகத்தளவு மெல்லிய கடிதத்தாள் வெட்டி ஒட்டியிருந்தது. ஒன்றுகூடக் கோணலில்லை.

"அதுவா தம்பி" என்றாள் மருதம்மாள், எட்டிப் பார்த்து. அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. "தூசி தொடைக்க முன்னால சின்னக் கதவத் தொறந்தா, பூச்சி அரிச்சு நாசமாக்கிடுச்சு. தொரை திரும்பி வந்தா என்னா நெனைப்பாரு? போன மார்கழி முழுக்க, குளிச்சு சாமி கும்பிட்டுட்டு, காலையில காலையில உக்காந்து, மேல சுத்தியிருந்த பாதிய இழுத்து வெச்சு, சரவணபவ சொல்லிக்கிட்டே ஒட்டினேன். அரிசிக் கஞ்சிப் பசை. தொளாயிரத்துச் சொச்சம் இருக்கும். தை பொறக்க முடிச்சிட்டேன்."

குழந்தைவேலுவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கிராணி கேட்டிருந்த ஆள் அவன் முன்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் இருபதாவது பெயர் மாறிவிடும். இளைப்போடு சின்னையா லாரியில் ஏறுவார். அந்த நினைப்பு வந்ததற்காகவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவன் ஈரத் துணியால் ஒரே ஒரு ஒட்டுத் துண்டை நனைத்து எடுத்தான். அந்த இடத்தைப் பட்டைமேல் வைத்து மிதிக்கச் சொன்னான். சுரம் ஒலித்தது. பக்கத்தில் உரிக்காத ஒட்டுத் துண்டை வைத்தான். மிதித்தாள். சத்தமில்லை. அவள் புரிந்துகொள்ள அதற்குமேல் தேவைப்படவில்லை. மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"நானே போயி ஜப்பான் துவான்கிட்ட சொல்லிடுறேன்."

"சொல்லி என்னாக்கா ஆவப்போவுது? ஒட்டின கைதானே, பிரிக்கவும் வரும். கெண்டியில தண்ணி போடுங்க."

அன்று மாலையும் வெள்ளிக்கிழமை முழுவதும் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காகிதத்தைச் சாண் சாணாகக் காட்டி, ஒவ்வொரு ஒட்டாக உரித்தார்கள். அவசரப்பட்டால் காகிதம் கிழியும். அவன் விரல்கள் இரும்புக்குப் பழகியவை. இரண்டு இடத்தில் கிழித்துவிட்டான். பிறகு அவன் காகிதத்தைப் பிடித்துக்கொள்ள அவளே உரித்தாள். ஒட்டும்போது சொன்ன அதே சரவணபவ மந்திரத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே உரித்தாள்.

சனிக்கிழமை மாலை பட்டணத்து விருந்தாளிகள் நாலு பேர் வந்தார்கள். கிராணி சுவரோரம் நின்றார். எந்திரம் மக்கர் செய்தால் பார்க்க வேண்டுமென்று குழந்தைவேலுவையும் நிறுத்தியிருந்தார்கள். ஹிராயாமா உட்கார்ந்து மிதித்தார். பாட்டு முதல் பாதியைத் தாண்டியது. இரண்டாம் பாதியும் ஓடியது. முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஓர் உயர்ந்த சுரம் மூன்று தடவை அடுத்தடுத்து வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வந்தது.

கால்கள் நின்றன. ஹிராயாமா சுருளைக் கையால் பின்னுக்குத் திருப்பி, குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒரு ஒட்டு தப்பியிருந்தது. நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, இது யார் செய்தது என்று மலாயில் கேட்டார்.

குழந்தைவேலு வாயைத் திறப்பதற்குள் மருதம்மாள் காப்பித் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு முன்னால் வந்தாள். பூச்சி அரித்த காகிதம் என்று நினைத்துத் தொளாயிரம் ஓட்டையைத் தான்தான் அடைத்ததாகவும், இந்தத் தம்பிக்கு அதில் சம்பந்தமில்லை என்றும் தமிழில் சொன்னாள். கிராணி மொழிபெயர்த்தார். எதனால் ஒட்டினாள் என்று ஹிராயாமா கேட்டார். அரிசி என்றதும் விருந்தாளிகளில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வருஷம் அரிசியை யாரும் காகிதத்தில் தடவமாட்டார்கள். யாருக்காக இவ்வளவு பாடு என்று அடுத்த கேள்வி வந்தது.

மருதம்மாளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "தொரைக்காகத்தான். திரும்பி வந்தா கேப்பாருல்ல."

வெள்ளைக்காரன் திரும்பி வருவான் என்று சொன்னவர்களுக்கு என்ன நடக்கும் என்பது தெரியாதவர் அந்த அறையில் அவள் ஒருத்திதான். கிராணி தொண்டையைக் கனைத்தார். கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மலாயில், நிதானமாக, இந்த வீட்டில் யார் வந்து உட்கார்ந்தாலும் பொருள் முழுசாக இருக்க வேண்டும் என்று இவள் நினைத்தாளாம் என்றார்.

ஹிராயாமா மறுபடி அந்த ஒட்டுத் துண்டின் ஓரத்தில் நகத்தை வைத்தார். உரிக்கப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் கட்டைவிரலால் அதன் ஓரத்தை அழுத்திப் படியவைத்தார். மறுபடி மிதித்தார். அந்த ஒரு சுரம் இல்லாமலே பாட்டு முடிந்தது.

மறுநாள் காலை மருதம்மாள் பங்களா அடுப்படியில் இருந்தாள். குழந்தைவேலு கழற்றிய ஆணிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நடராஜா பின்கட்டு வழியாக வந்தார். அவர் பின்கட்டுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை.

"மருதம்மா, கொஞ்சம் பசை கிடக்கோ?"

அரிசிக்கு எங்கே போக என்று அவள் மரவள்ளி மாவைக் கிண்டிக் கொடுத்தாள். கிராணி கக்கத்திலிருந்த பட்டியலைப் பலகைமேல் விரித்தார். இருபதாவது வரியை, வேறு பேர் போடாமல், எடுத்துவிடச் சொல்லி ஹிராயாமா காலையில் கையைக் காட்டினாராம். புதிதாக அடிக்கத் தாள் கிடையாது, அழிக்க ரப்பர் கிடையாது. அவர் ஒரு வெள்ளைத் துண்டை அளந்து கிழித்து, பசை தடவி, குழந்தைவேலு என்ற பெயரின்மேல் வைத்து, மருதம்மாளைப் போலவே நாலு ஓரத்தையும் அழுத்தினார்.

கை அங்கேயே நின்றது. துண்டுக்கு மேலே பத்தொன்பது வரிகள் இருந்தன. திங்கட்கிழமை விடியும்போது லாரி வருகிறது.

"மற்றதுகளுக்கும் ஒட்ட என்னால ஏலாது தம்பி" என்றார்.

காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. பசை காயும்வரை அதைக் குழந்தைவேலு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தப் பத்தொன்பது பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தான். மருதம்மாள் மிச்ச மாவை அளந்து பார்த்தாள். லாரியில் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு ரொட்டி வரும் என்று சொல்லி, அடுப்பில் கல்லைப் போட்டாள்.