இஸ்திரி போட்ட பதினோரு தாள்கள்

1

இந்தக் கதை நான் கசக்கி எறிந்த தாள்களிலிருந்து வந்தது. எறிந்தவன் நான், பொறுக்கியவர் வேறொருவர். 1974-ல் ஒரு சனி, ஞாயிறு தூத்துக்குடியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். திங்கட்கிழமைத் தபாலில் பத்திரிகைக்கு ஒரு கதை போயாக வேண்டும். வீட்டுச் சத்தத்தில் எழுத முடியவில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். லாட்ஜிலும் முடியவில்லை என்பதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

முதல் தொடக்கம்: துறைமுகத்தில் கப்பல் ஊதியபோது அவன்—

(கப்பல் ஊதினால் யாராவது எதையாவது நினைத்தே தீரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கசக்கினேன்.)

இரண்டாவது: முத்துக் குளிக்கும் கடலும் அவள் கண்ணீரும்—

(மன்னிக்கவும்.)

2

அறையைக் கவனித்துக்கொண்டவர் மரியான். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழும்புக்குப் போகும் தோணியில் இருபது வருஷம் சமையல் செய்தவர், முழங்கால் கெட்டதால் கரைக்கு வந்துவிட்டார். ஆடுகிற அடுப்பில் கஞ்சி சிந்தாமல் காய்ச்சியவருக்கு என் அறை ஒரு பொருட்டே இல்லை.

நான் இடது கையால் எழுதுவதைச் சனிக்கிழமை காலை ஒரே ஒரு தடவை பார்த்தார். குளித்துவிட்டு வந்தால் மேஜை திரும்பியிருந்தது. கை நிழல் தாளில் விழவில்லை. டீ வலப்பக்கம் வந்தது. காற்றில் தாள் பறக்காமலிருக்க மேலே ஒரு சங்கு.

"காத்து உப்பளத்துப் பக்கமிருந்து வருது சார். கண்ணு எரியும். அங்கன உள்ள ஜன்னலச் சாத்திட்டேன்."

பதினாறு வருஷம் என்னோடு குடும்பம் நடத்துகிறவள்கூட என் கை நிழலைக் கவனித்ததில்லை. (அவளுக்கு எந்த ஜன்னல் ஆகாது என்று எனக்கும் தெரியாது. அது வேறு கதை.)

3

இப்படிப்பட்ட மனிதரை வைத்துக் கதை எழுதுவது கஷ்டம். வருவார், டீ வைப்பார், போவார். அவ்வளவுதான். அதனால் அன்று மத்தியானம் ஒரு கேவலமான வேலை செய்தேன். எட்டாவது தாளில் இப்படி எழுதினேன்:

மரியான் என் கைக்கடிகாரத்தை எடுத்துவிட்டான். ஐந்தாம் நம்பர் அறையில், நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில்—

பெயரைக்கூட மாற்றவில்லை. சோம்பல். பிறகு கூசியது, கசக்கி எறிந்தேன்.*

* அடிக்குறிப்பு: மரியானுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுதிய தாள் எதையும் அவருடைய தோணியில் தூரப் போடமாட்டார்களாம். கஸ்டம்ஸ்காரர் எந்தத் தாளை எப்போது கேட்பார் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பழக்கத்தில் என் பதினோரு தாள்களையும் பொறுக்கி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்த்துச் சொல்லும்படி லாட்ஜ் முதலாளி ரோச்சிடம் கொடுத்திருக்கிறார். தன்னைத் திருடன் என்று சொல்லும் தாளைத் தன் கையாலேயே. மேலே நீங்கள் பார்த்த தொடக்கங்களும் அவர் தேய்த்துக் கொடுத்தவைதான்.

4

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெந்நீர் வந்தது. டீ வலப்பக்கம் வந்தது. மரியான் கொஞ்ச நேரம் நின்றார். "டீ பிரமாதம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் அறையைக் காலி செய்வதுவரைதான் அவருக்கு வேலை என்று முந்தின நாள் சாயங்காலமே ரோச் அவரிடம் சொல்லிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

பூசை முடிந்து ரோச் வந்தார். கையில் தாள்கள், பின்னால் மரியான்.

"சார் மனசுல ஒண்ணும் வச்சுக்கிடக் கூடாது. எழுதியிருந்ததப் பாத்தேன். இப்பிடி ஒரு பேரு எங்க லாட்ஜுக்கு வந்ததே இல்ல. இவன நிறுத்தியாச்சு."

தாளை வாங்க வலது கையை நீட்டினேன். மணிக்கட்டில் கடிகாரம். மூன்று பேரும் அதைப் பார்த்தோம். மணி ஒன்பது இருபது.

"ஏலே மரியான், காலையில டீ குடுக்கப் போனியே. நீ இதப் பாக்கலையா?"

"பாத்தேன் அண்ணாச்சி. சொன்னா சார் பொய் எழுதிட்டாருன்னு ஆயிரும். தங்க வந்தவியள அப்பிடிச் சொல்லலாமா?"

(இந்த இடத்தில் நீங்கள் மரியானை நம்ப மறுக்கலாம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.)

"அப்ப இது என்னது சார்?" என்றார் ரோச்.

"கதை."

ரோச் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மரியான் என்னைப் பார்த்தார்.

"கதையில நான் அத எதுக்கு சார் எடுத்தேன்?"

கடிகாரம் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். வெட்கமாக இருந்தது.

5

மரியானை நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரச் சொல்லிவிட்டு, ரோச் அந்தத் தாளைக் கிழிக்கப் போனார். மரியான் தடுத்தார்.

"எழுதுன தாளக் கிழிக்காதிய அண்ணாச்சி. கீழ இடம் கெடக்கு, சார் முடிச்சுத் தரட்டும். வீட்டுல எம் பொஞ்சாதி அமலோற்பவத்துக்கு வாசிக்கத் தெரியும். நேத்து விஷயத்தச் சொன்னதுலயிருந்து எங்கூட ஒரு வார்த்த பேசல."

நாலு விரல் இடம்தான் இருந்தது. மூன்று முடிவுகள் தோன்றின.

அ. எடுத்தான், மனம் திருந்தித் திருப்பிக் கொடுத்தான். (பத்திரிகைக்குப் பிடிக்கும். அமலோற்பவத்துக்கு அவர் திருடன்தான்.)

ஆ. யாவும் கற்பனை. (அப்படியானால் உங்கள் பெயர் ஏன் வந்தது என்று அவள் கேட்பாள்.)

இ. கடிகாரம் என் கையிலேயே இருந்தது. மரியானை எனக்கு ஒரே நாள்தான் தெரியும், அதற்குள்—

'அதற்குள்' என்பதற்குப் பிறகு எனக்கு ஓடவில்லை. எதை எழுதினாலும் அவரைவிடச் சின்னதாக இருந்தது. பத்திரிகைக்கும் கதை போகவில்லை.

மரியான் தாளை மேஜையில் விரித்துச் சங்கை வைத்துவிட்டு நிற்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் அந்தத் தாளோடு வீட்டுக்குப் போக வேண்டும். பேனாவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள், மேஜையைத் திருப்பித் தருவார்.