கழுகுக் கண்ணுக்கு ஒரு மானிட்டர்

தாய்பே நகரத்து அச்சுக்காரர்கள் எல்லாரும் ஒரே வருஷத்தில் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்பது குவோ ஷுன்லியாங்கின் முடிவு. மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை விலைப்பட்டியலை மங்கலாக அடித்திருந்தார்கள். மாத்திரை அட்டை, மின்கட்டண ரசீது, ஷாம்பு புட்டி என்று எதை எடுத்தாலும் மையை மிச்சம் பிடித்திருந்தார்கள். கடைசியில் ஸ்டூடியோவில் இருந்த அவருடைய மானிட்டரும் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தபோதுதான் அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. அது மையே இல்லாத சாமான்.

நாற்பத்தொன்பது வயசில் கண்ணுக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மனைவி பீஷியாவின் ஊதா நிற மூக்குக்கண்ணாடியை மாட்டித்தான் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பீஷியா தபால் நிலையத்து கவுண்டரில் உட்காருகிறவள். படிவத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு "இங்க வெளிச்சம் பத்தல" என்று சொல்கிற ஆட்களைத் தினமும் பார்க்கிறவள். அவளிடம் இந்த நாடகம் செல்லுபடியாகவில்லை.

"ஒரு கண்ணாடி வாங்கிக்கோங்களேன். உங்க மூக்கு என்ன தேஞ்சா போயிடும்?" என்று கேட்டாள்.

மூக்கு தேயாது, நாற்காலி போய்விடும் என்றார் அவர்.

அந்த நாற்காலி பாதே சாலையில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலை ஒட்டி இருந்தது. கல்யாணப் படங்களைச் சரிசெய்து ஆல்பம் போட்டுத் தரும் சின்ன ஸ்டூடியோ அது. மணமகளின் பரு, மணமகனின் தொப்பை, கடற்கரையில் பின்னால் நின்று சோளம் கடிக்கும் அந்நியர்கள், எல்லாவற்றையும் இருந்த இடம் தெரியாமல் மறையச் செய்வது குவோவின் தொழில். முதலாளி ஃபாங் அக்கா அவருக்கு "கழுகுக் கண்" என்று பெயர் வைத்திருந்தார். வாடிக்கையாளர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துவார். குவோவுக்கு முன்னால் அதே நாற்காலியில் ஷென் என்று ஒருவர் இருந்தார். அவர் ஒரு திங்கட்கிழமை மூக்குக்கண்ணாடியோடு வந்தார். அடுத்த திங்கட்கிழமை ஆல்பப் பெட்டிகளுக்கு ரிப்பன் கட்டும் மூலை மேசைக்கு மாற்றப்பட்டார். இன்னும் அங்கேதான் கட்டிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி போட்ட ஆள் படத்தைத் திருத்தினால் கல்யாணப் பெண்ணுக்கு நம்பிக்கை வருமா என்பது ஃபாங் அக்காவின் கட்சி.

அதனால் குவோ மானிட்டரின் மேல் பழியைப் போட்டார். அதுவும் பாவம், பத்து வருஷமாக உழைத்த கிழம், எதிர்த்துப் பேசவில்லை. நிறம் வெளிறிவிட்டது, இதை வைத்துக்கொண்டு உதட்டுச் சாயத்துக்கும் வெயில் கொப்புளத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்று குவோ முறையிட, ஃபாங் அக்கா உடனே சரி என்றுவிட்டார். "பெருசா, நல்லதா வாங்கிக்கோ. யிஷுவானைக் கூட்டிட்டுப் போ, அவளுக்கு இந்தப் பிக்சல் புள்ளி விவகாரமெல்லாம் தெரியும்" என்று அனுப்பிவைத்தார்.

யிஷுவான் இருபத்தாறு வயதுப் பெண்; ஸ்டூடியோவில் ஆல்பப் பக்கங்களை வடிவமைப்பவள். குவோவின் பக்கத்து மேசை. குவாங்ஹுவா கடைத்தொகுதியின் நாலாவது தளத்தில் அவள் முன்னால் நடக்க, விலை அட்டை ஒன்றைக்கூடப் படிக்க முடியாத குவோ, எல்லாவற்றையும் படித்துவிட்ட முகத்தோடு பின்னால் நடந்தார்.

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். திரை பெரிதாக இருக்க வேண்டும், புள்ளிகள் குறைவாக இருக்க வேண்டும். புள்ளி குறையக் குறைய ஒவ்வொரு எழுத்தும் வாத்து முட்டை அளவுக்கு ஊதும் என்பது அவருக்குத் தெரியும். விற்பனையாளனிடம் அதைக் கேட்டதும் அவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். படம் திருத்துகிறவர்கள் புள்ளிகளை அதிகம் கேட்டுத்தான் அவன் பார்த்திருக்கிறான்.

"முப்பத்திரண்டு இன்ச்ல இவ்வளவு கம்மியாவா? பக்கத்துல உக்காந்தா படம் கட்டம் கட்டமாத் தெரியுமேண்ணே."

தன் கண்ணுக்கு அந்தக் கட்டம் தெரியாது என்ற உண்மையைக் குவோ விழுங்கிக்கொண்டார். பழைய மென்பொருள், அதற்கு அதிகப் புள்ளி ஒத்துக்கொள்ளாது என்று ஏதோ சொன்னார். யிஷுவான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மென்பொருளைப் போன மாதம்தான் அவளே புதுப்பித்துக் கொடுத்திருந்தாள்.

விற்பனையாளன் நல்லவன், உதவி செய்யப் பார்த்தான். புள்ளி அதிகமான திரையையே எடுத்துக்கொள்ளலாம், எழுத்து சின்னதாகத் தெரிந்தால் அமைப்புகளில் போய் ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்றான். குவோவின் முகம் மலர்ந்தது. அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

"எங்க மாமனாருக்கு அப்படித்தான் வச்சுக் குடுத்திருக்கேன். வயசானவங்களுக்கு அது ரொம்ப சௌகரியம்."

மலர்ந்த முகம் கூம்பிவிட்டது. தனக்கு அந்த மாதிரி எதுவும் தேவையில்லை, கடையில் இருப்பதிலேயே அதிகப் புள்ளி உள்ளதைக் காட்டு என்று குவோ சொல்லிவிட்டார். சொன்னதைத் திரும்ப விழுங்க அவராலேயே முடியவில்லை.

விற்பனையாளன் இரண்டு மானிட்டர்களை அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே இலையுதிர்கால மலைப் படத்தைப் போட்டான். எதில் துல்லியம் அதிகம் என்று அண்ணனே சொல்லட்டும் என்றான். குவோ இடது திரையைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது யாங்மிங் மலையில் காலைப் பனி. வலது திரையைப் பார்த்தார். அதே மலை, அதே பனி. ஜன்னல் நாற்காலியில் தான் வாங்கிய பேரெல்லாம் அந்தப் பனிக்குள் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. கண்ணை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். இடது பக்கம் குனிந்தபோது யிஷுவான் சின்னதாக மூச்சை இழுத்தாள்.

"இடது" என்றார் குவோ.

"கண்ணுன்னா இது கண்ணு" என்று விற்பனையாளன் ரசீது போட்டான்.

இப்படியாக, சுண்டெலியின் மீசையைக்கூட எண்ணிக் காட்டக்கூடிய ஒரு மானிட்டர் குவோவின் மேசைக்கு வந்து சேர்ந்தது. கட்டளைப் பட்டியலில் எழுத்துகள் எறும்பு ஊர்வலமாக ஊர்ந்தன. எழுத்தைப் பெரிதாக்கித் தரட்டுமா என்று யிஷுவான் ஒரு தரம் மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்று அவர் வேகமாகச் சொன்னார். எந்தக் கட்டளை எந்த இடத்தில் இருக்கும் என்ற ஞாபகத்தில், இருட்டில் சமையலறைக்குப் போகிறவர் மாதிரி வேலை செய்தார். முகங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு மணமகளின் மூக்குத் துவாரம் ஷுவேஷான் சுரங்கப்பாதை அளவுக்கு வந்தபிறகுதான் அது மூக்கு என்று அவருக்குப் பிடிபட்டது.

ஃபாங் அக்காவுக்குப் புள்ளி பற்றிக் கவலை இல்லை. புது மானிட்டரைச் சுற்றி வந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"பையை எங்க வைக்கிறது?"

தேங்காய் மணக்கும் சோளப்பொரியின் பச்சைப் பை அது. ஸ்டூடியோவில் கரண்ட் ஓடும் ஒவ்வொரு சாமானின் தலையிலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது இருக்கும்வரை மெஷின் அடம்பிடிக்காது என்பது அந்த ஊர் நம்பிக்கை. பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் பழுது விளக்கின் நிறங்கள். பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தேதி தாண்டக் கூடாது. தேதி தாண்டிய பை, பையே இல்லாததைவிட மோசம். அப்படி வைத்தவர் மொத்த ஸ்டூடியோவுக்கும் ஜவ்வரிசி உருண்டை மிதக்கும் முத்து டீ வாங்கித் தர வேண்டும் என்பது சட்டம்.

பழைய மானிட்டரின் முதுகு பூசணிக்காய் மாதிரி இருந்ததால் பை அதன்மேல் படுத்துத் தூங்கியது. புதியதன் மேல்விளிம்போ மீன் துடுப்பின் கனம்தான். வைத்தால் வழுக்கியது, ஒட்டினால் உரிந்தது. இவ்வளவு காசு வாங்குகிறவனுக்கு ஒரு பை வைக்க இடம் விடத் தெரியவில்லையே என்று ஃபாங் அக்கா நொந்துகொண்டார். கடைசியில் மானிட்டரின் காலடியில், ரயிலுக்குக் காத்திருக்கும் பயணி மாதிரி அதைச் சாய்த்து வைத்தார்கள்.

பையை அலமாரியில் இருந்த மூட்டையிலிருந்து எடுத்து, தேதியை உரக்கப் படித்து, வைப்பது கழுகுக் கண் என்ற முறையில் குவோவின் கடமை. அன்றும் எடுத்தார். கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்தார். மூன்றாம் மாதம் என்பது குத்துமதிப்பாகத் தெரிந்தது. வருஷத்தின் கடைசி எண் ஐந்தோ ஆறோ. இது நவம்பர், ஐந்தென்றால் எட்டு மாதம் முன்னாலேயே முடிந்துபோனது, ஆறென்றால் இன்னும் நாலு மாதம் தாங்கும். நல்லதையே நினைப்போம் என்று, "அடுத்த மார்ச்" என்று அறிவித்தார்.

அந்த வாரமே மானிட்டர் மயங்கி விழுந்தது. விழுந்ததும் எப்போது தெரியுமா? ஒரு மணமகளும் அவள் அம்மாவும் பின்னால் உட்கார்ந்து படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது. திரை கறுத்தது, வந்தது, மறுபடி கறுத்தது. சரியாக மாப்பிள்ளையின் படம் வரும்போது கறுத்ததால் அந்த அம்மாவின் முகமும் கூடவே கறுத்தது. ஃபாங் அக்கா எதையெதையோ சொல்லி, சாயங்காலம் வாருங்கள் என்று அவர்களை அனுப்பிவைத்தார்.

யிஷுவான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். எழுந்திருக்கும்போது பை அவள் கண்ணில் பட்டது.

"அண்ணே" என்றாள், தணிந்த குரலில். "இது போன மார்ச்."

தணிந்த குரல்தான். ஆனால் ஃபாங் அக்காவின் காது இன்னும் கழுகுதான். வந்து பையை வாங்கினார். கையை நீட்டிப் பிடித்தார். தலையைப் பின்னால் இழுத்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். குவோவுக்கு அந்த அசைவுகள் ஒவ்வொன்றும் தெரியும். தினமும் செய்கிறவர் அவர்தானே.

"அடுத்த மார்ச்தான்" என்று தீர்ப்புச் சொன்னார் ஃபாங் அக்கா. "குவோ படிச்சது சரி. யிஷுவான், உனக்குக் கண்ணுல ஏதோ கோளாறு. எந்நேரமும் போனையே பாத்தா இப்படித்தான் ஆகும். கீழ கண்ணாடிக் கடையில போய் செக் பண்ணிட்டு வா. குவோ, நீயும் கூடப் போ. நல்ல கண்ணு எப்படி இருக்கும்னு அவளுக்குச் சொல்லிக்குடு."

குவோவின் நாற்காலி தப்பித்தது. ஸ்டூடியோவிலேயே ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்த ஒரே ஜோடிக் கண் வைத்தியத்துக்குக் கிளம்பியது.

யிஷுவான் சாதாரணமாகப் படி இறங்கினாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடைக்காரர் யாருக்குப் பரிசோதனை என்று கேட்டதும், "எனக்குத்தான்" என்று அவளே போய் உட்கார்ந்தாள். சுவர் அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். அதற்குக் கீழே, அட்டையை அச்சடித்த கம்பெனியின் விலாசத்தையும் படித்தாள். கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டு, உனக்கு என்னம்மா பிரச்னை என்று கேட்டார்.

"எங்க ஸ்டூடியோவுலதான் பிரச்னை" என்றாள் அவள்.

விலாசம் இருந்த இடத்தில் குவோவுக்கு ஒரு சாம்பல் கோடுதான் தெரிந்தது. மேலே மானிட்டரின் காலடியில் தேதி தாண்டிய பை சாய்ந்திருப்பது ஞாபகம் வந்தது. தான் அங்கே வைத்தது. இந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தான் ரிப்பன் மேசைக்குப் போயிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை.

"எழுந்திரும்மா" என்றார் குவோ. "அது என் சீட்டு."

அவள் எழுந்தாள். எழும்போது, ரிப்பன் கட்டவும் நல்ல கண்ணு வேணும்ணே, ஷென் அண்ணன் கட்டுறதைப் பாத்திருக்கீங்களா என்று மட்டும் கேட்டாள். அது ஆறுதலா கிண்டலா என்று அவருக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

உடனே கிடைக்கிற வாசிப்புக் கண்ணாடி ஒன்றைக் கறுப்புச் சட்டத்தில் வாங்கிக்கொண்டு, கடையிலேயே மாட்டிக்கொண்டு, மாடியேறினார். யாரையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். எறும்புகள் நின்றன, எழுத்துகளாயின. விசைப்பலகையில் எள் உதிர்ந்து கிடந்தது தெரிந்தது. திரையில், தான் முடித்துக் கொடுத்திருந்த குடும்பப் படம் ஒன்றில், மாப்பிள்ளையின் சித்தப்பா நெற்றியில் ஒரு ஈ சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. இப்படி எத்தனை ஈக்களை ஆல்பத்தில் ஏற்றி அனுப்பினோமோ என்று அவருக்கு வியர்த்தது.

"என்ன அது மூக்குல?" என்றார் ஃபாங் அக்கா.

"கண்ணாடி அக்கா. கோளாறு எனக்குத்தான். அவ கண்ணு நல்லாருக்கு. பை போன மார்ச்."

"நான் படிச்சேனே."

"நானும் படிச்சேன் அக்கா."

ரிப்பன் மேசையில் ஷென் தலையைத் தூக்காமல் முடிச்சை இன்னும் கவனமாகப் போட்டார். ஃபாங் அக்கா குவோவின் மேசைக்கு வந்தார்.

"அதை இங்க குடு."

குவோ கழற்றிக் கொடுத்தார். ஃபாங் அக்கா மாட்டிக்கொண்டு பையைக் கையில் எடுத்தார். கையை நீட்டவில்லை. தேதியை ஒரு தரம் பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார். பிறகு யிஷுவானைப் பார்த்தார், தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், ஷென்னின் பெட்டிகள் பக்கம் போய் ஒரு முடிச்சைத் தூக்கிப் பார்த்தார். ஊசி முனை அளவுகூடப் பிசகாத முடிச்சு.

"யிஷுவான், கீழ போய் புதுப் பச்சைப் பை வாங்கிட்டு வா. தேதியை நீ பாரு. வரும்போது எல்லாருக்கும் முத்து டீ, என் செலவு. ஷென்னுக்குப் பெரிய கப்." வாசல்வரை போனவளை மறுபடி கூப்பிட்டு, "உன் கண்ணைப் பத்திச் சொன்னதை மறந்துடு" என்றார்.

அவள் போகிற வழியில் மேசைக்கு அடியில் கைவிட்டு, தளர்ந்திருந்த கேபிளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். அதை யாரும் கவனிக்கவில்லை. திரை அதற்குப் பிறகு ஒரு தரம்கூடக் கறுக்கவில்லை. புதுப் பையின் மகிமையை ஸ்டூடியோ இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"நான் எங்க உக்காரட்டும் அக்கா?" என்று கேட்டார் குவோ. கேட்கும்போது ரிப்பன் மேசையில் ஓரமாக ஒரு காலி இடம் இருப்பதைப் பார்த்து வைத்திருந்தார்.

"எங்க உக்காருவே? உன் சீட்டுலதான். அந்தம்மா சாயங்காலம் வர்றாங்க, மாப்பிள்ளையை முடி. முடிச்சுட்டு ஷென்கிட்ட ஒரு தரம் காட்டு."

குவோ உட்கார்ந்தார். எறும்புகள் மறுபடி ஊர ஆரம்பித்தன. அக்காவோ அவருடைய கண்ணாடியோடு ஜன்னலோரம் நின்று, மாத்திரை அட்டை, மின்கட்டண ரசீது, டீக்கடை விலைப்பட்டியல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். கேட்டால் கொடுப்பார் என்று தோன்றவில்லை. குவோ சத்தமில்லாமல் எழுந்து, இன்னொன்று வாங்கக் கீழே இறங்கினார்.